ரீசெட் பட்டனில் கை வைக்கும் முன்

எனக்கு வரும் அழைப்புகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தொடங்கும். “நேத்து வரைக்கும் நல்லாத்தான் ஓடிச்சு சார்.” அடுத்த வாக்கியமும் எனக்கு மனப்பாடம். “எல்லாத்தையும் ரீசெட் பண்ணிட்டேன். ரெண்டு நாள் சரியா இருந்தது, மறுபடியும் போச்சு.”

இந்த இரண்டாவது வாக்கியத்தைக் கேட்டால்தான் எனக்கு வயிறு கலங்கும். ஸ்மார்ட் ஹோம் கருவிகளைப் பொருத்துவதும் பழுது பார்ப்பதும் என் தொழில். எந்தக் கருவி எதன் வழியாகப் பேசிக்கொண்டிருந்தது, எப்போது அறுந்தது என்ற தடயம் அந்த நெட்வொர்க்கிலேயே இருக்கும். ரீசெட் செய்தவுடன் அதெல்லாம் துடைத்த பலகைபோல ஆகிவிடுகிறது. கோளாறு மட்டும் போகாது. புதிதாகச் சேர்க்கும்போது கருவி வேறு வழியைப் பிடித்துக்கொள்வதால் இரண்டு நாள் ஓடுகிறது, அவ்வளவுதான்.

நானும் இதே தவறைச் செய்தவன்தான். ஒரு வீட்டில் நடைவழியில் இருந்த அசைவு சென்சார் தினமும் இரவில் காணாமல் போகும், காலையில் தானாக வந்துவிடும். முதல் முறை நான் அந்த வீட்டுக்குப் போனபோது பேட்டரியை மாற்றினேன். இரண்டாம் முறை சென்சாரையே மாற்றினேன். மூன்றாம் முறை, வெட்கத்தை விட்டு, மாலையிலிருந்து அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். ஒன்பதரை மணிக்கு வீட்டுப் பெரியவர் படுக்கப் போனார். போகும்போது சுவரில் இருந்த ஒரு சுவிட்சை அணைத்தார். இரண்டு மணி நேரத்துக்குள் சென்சார் போய்விட்டது.

அவர் அணைத்தது ஒரு ஸ்மார்ட் பல்பின் மின்சாரத்தை. ஜிக்பீ, திரெட் என்பவை ஸ்மார்ட் கருவிகள் தங்களுக்குள் வயரில்லாமல் பேசிக்கொள்ளும் இரண்டு முறைகள். இரண்டிலும் மின் இணைப்பில் இருக்கும் கருவிகள் பெரும்பாலும் அஞ்சல்காரர் வேலையும் பார்க்கும். பேட்டரியில் ஓடும் சென்சார்கள் அதைச் செய்யாது. பேட்டரியை மிச்சப்படுத்தத் தூங்கிக்கொண்டிருக்கும், பேச வேண்டியபோது மட்டும் விழித்து, பக்கத்தில் உள்ள ஓர் அஞ்சல்காரரிடம் செய்தியைக் கொடுக்கும். அந்த அஞ்சல்காரர்தான் அந்த பல்பு. அதன் மின்சாரம் போனால் நல்ல சென்சார் வேறு ஆளைத் தேடிக்கொள்ளும். சில சென்சார்கள் பிடிவாதக்காரர்கள், பழைய ஆள் திரும்பி வரும்வரை காத்துக்கொண்டே இருக்கும்.

ஆகவே ஒரு கருவி விழுந்தால் அதையே உற்றுப் பார்த்துப் பயனில்லை. அது யார் தோளில் ஏறி நின்றது என்று பாருங்கள். ஹப் என்பது எல்லாக் கருவிகளையும் இணைக்கும் மையப் பெட்டி; பல ஹப் செயலிகளில் நெட்வொர்க் வரைபடம் இருக்கிறது, அதில் தெரியும். வரைபடம் இல்லாவிட்டால் அந்தப் பக்கத்தில் மின் இணைப்பில் இருப்பவற்றை எண்ணிப் பாருங்கள். எண்ணும்போது இரண்டு விஷயத்தில் ஏமாறக்கூடாது. வைஃபை பல்புகள் ஜிக்பீக்கு அஞ்சல் வேலை செய்யாது. நியூட்ரல் வயர் இல்லாமல் பொருத்தும் சுவிட்சுகளில் பலவும் செய்யாது.

பெரியவரிடம் “இனி அந்த சுவிட்சைத் தொடாதீங்க ஐயா” என்று சொல்லிப் பார்த்தேன். “தூங்கப் போகும்போது விளக்கை அணைக்காம எப்படிப்பா?” என்றார். அவர் கேட்டது சரிதான். நடைவழியில் யாரும் தொடாத இடத்தில் ஒரு ஸ்மார்ட் பிளக்கை மாட்டினேன். பிரச்சினை அதோடு முடிந்தது. அவர் இன்னும் சுவிட்சை அணைத்துக்கொண்டுதான் இருக்கிறார்.

அடுத்த பெரிய தலைவலி நெரிசல். வைஃபையின் ஒரு பகுதி, ஜிக்பீ, திரெட், புளூடூத் எல்லாமே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை என்ற ஒரே சந்தில் போய் வருகின்றன. இதில் சேனல் எண்கள், அதாவது அந்தச் சந்துக்குள் இருக்கும் தடங்களின் எண்கள், செய்யும் குழப்பம் கொஞ்சநஞ்சமல்ல. வைஃபையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11. ஜிக்பீயின் சேனல்கள் 11 முதல் 26 வரை. இரண்டிலும் 11 இருப்பதால் அவை ஒன்று என்று நினைத்து ஒதுங்கப் பார்ப்பவர்கள் நிறைய. ஜிக்பீ 11 இருப்பது 2405 மெகாஹெர்ட்ஸில், அதாவது வைஃபை 1-இன் மடியில். ஜிக்பீ 25 இருப்பது 2475-இல், வைஃபை 11-இன் ஓரத்துக்குச் சற்று வெளியே. அதனால் உங்கள் ரூட்டர் 1-இல் இருந்தால் ஜிக்பீயை 20 அல்லது 25-இல் வைக்கலாம். 26 இன்னும் காலியாக இருக்கும், ஆனால் சில கருவிகள் அங்கே வருவதே இல்லை, சில குரலைத் தாழ்த்தித்தான் பேசும். நான் அதைத் தொடுவதில்லை.

ஜிக்பீ சேனலை மாற்றினால் சில ஹப்களில் எல்லாக் கருவிகளையும் மறுபடி சேர்க்க வேண்டியிருக்கும். வைஃபை சேனலை மாற்றினால் கருவிகள் தாமாகவே பின்னால் வந்துவிடும். அதனால் முதலில் ரூட்டரைத்தான் நகர்த்துவேன். அது ‘ஆட்டோ’வில் இருந்தால் அதையும் எடுத்துவிடுவேன். ஒவ்வொரு முறை மின்சாரம் போய் வரும்போதும் ரூட்டர் தன் இஷ்டத்துக்கு வேறு சேனலில் போய் உட்கார்ந்தால், இன்று சரியாக இருப்பது நாளை இருக்காது. 2.4-இல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸ் என்று வையுங்கள். அந்தச் சந்தின் மொத்த அகலமே 83.5 மெகாஹெர்ட்ஸ்தான். அதில் 40-ஐ ஒருவரே அடைத்துக்கொண்டால் மற்றவர்கள் எங்கே போவார்கள்?

யூஎஸ்பி 3.0 பற்றியும் சொல்லியாக வேண்டும். அது வேலை செய்யும்போது இதே 2.4 பகுதியில் இரைச்சலைக் கிளப்பும். இன்டெல் நிறுவனமே 2012-இல் இதை அளந்து ஓர் அறிக்கையாக வெளியிட்டது. கணினியில் வெளி ஹார்டு டிஸ்க்குக்குப் பக்கத்துத் துளையில் ஜிக்பீ ஸ்டிக்கை (கணினியை ஜிக்பீயில் பேச வைக்கும் சின்னக் கருவி) செருகினால், காதருகே மிக்ஸி ஓடும்போது ரகசியம் கேட்பதுபோல ஆகிவிடும். ஒரு மீட்டர் நீட்டிப்பு வயரைப் போட்டு, ஸ்டிக்கை யூஎஸ்பி 2.0 துளைக்கு மாற்றினால் போதும். என் பையில் எப்போதும் இரண்டு வயர் இருக்கும். “இந்த வயருக்கா இத்தனை நாள் அவதிப்பட்டோம்?” என்று கேட்காத வீடு கிடையாது. ஹப்பை ரூட்டரின் தலைமேல் வைப்பதும் இதே கதைதான், இரண்டுக்கும் நடுவே ஒரு மீட்டராவது இருக்கட்டும்.

வைஃபை கருவிகளுக்கு வேறு நோய்கள். “போன்ல நாலு கோடு காட்டுது சார்” என்பார்கள். போன் வேறு, வாசலில் இரும்புச் சட்டத்துக்குப் பின்னால் இருக்கும் கேமரா வேறு. கேமராவுக்கு எவ்வளவு சிக்னல் கிடைக்கிறது என்பதை ரூட்டரின் பட்டியலிலோ கேமராவின் செயலியிலோ டிபிஎம் எண்ணாகப் பாருங்கள் (மைனஸுக்குப் பின்னால் எண் கூடக் கூட சிக்னல் பலவீனம்). மைனஸ் 60-க்கும் மைனஸ் 70-க்கும் இடையே உள்ள வித்தியாசம் பத்து மடங்கு. மைனஸ் 80 பக்கம் போய்விட்டால் அந்தக் கேமராவைக் குறை சொல்லிப் பயனில்லை. புதுக் கருவி சேரவே மறுத்தால், அது 2.4-இல் மட்டும் பேசும், 5 கிகாஹெர்ட்ஸில் சேராத கருவியா, ரூட்டரில் பல பழைய கருவிகளுக்குத் தெரியாத டபிள்யூபிஏ3 பாதுகாப்பு மட்டும் போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் தனியாக இருக்க வேண்டிய எண்தான் ஐபி முகவரி; அதில் மோதலும் உண்டு. யாரோ ஒருமுறை கேமராவுக்குள் போய் நிலையான முகவரி போட்டிருப்பார்கள். ரூட்டருக்கு அது தெரியாது. அதே முகவரியை ஒருநாள் பிரிண்டருக்குக் கொடுத்துவிடும். நிலையான முகவரி வேண்டுமானால் ரூட்டரிலேயே ஒதுக்கி வையுங்கள்.

பேட்டரி சதவீதத்தை நம்பாதீர்கள். லித்தியம் பட்டன் செல் கடைசிவரை கிட்டத்தட்ட 3 வோல்ட்டையே காட்டிக்கொண்டிருந்து திடீரென்று விழும். நேற்று 70 சதவீதம் காட்டிய சென்சார் இன்று செத்திருந்தால் அதில் ஆச்சரியமில்லை. இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: புகை அலாரம் நெட்வொர்க் இல்லாவிட்டாலும் தானே கத்தும் வகையாக இருக்க வேண்டும். போனில் செய்தி வருமே என்று நம்பிப் படுக்காதீர்கள்.

சரி, எங்கிருந்து தொடங்குவது? ஒரு தாளில் குறியுங்கள். நேரம், எந்தக் கருவி, அப்போது வீட்டில் வேறு என்ன ஓடிக்கொண்டிருந்தது. எல்லாம் ஒன்றாக விழுந்தால் ஹப், ரூட்டர், இணையம். ஒரே மூலையில் இருப்பவை விழுந்தால் அஞ்சல்காரர். இணையத்தை மட்டும் துண்டித்துவிட்டு விளக்குச் செயலியை அழுத்திப் பார்த்தால், வேலை வீட்டுக்குள்ளேயே நடக்கிறதா, எங்கோ இருக்கும் சர்வர் வழியாகவா என்பதும் தெரிந்துவிடும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். அப்புறம் ஒன்றிரண்டு நாள் சும்மா இருங்கள், நெட்வொர்க் தன் வழிகளைச் சரிசெய்துகொள்ள நேரம் எடுக்கும்.

சமீபத்தில் ஓர் அம்மா தொலைபேசியில் இப்படி எழுதியதைப் படித்துக் காட்டினார். நான்கு வரிகள். நான்கிலும் கதவு சென்சார், நான்கிலும் கடைசியில் “மைக்ரோவேவ் ஓடிக்கொண்டிருந்தது.” அதுவும் 2.45 கிகாஹெர்ட்ஸில் வேலை செய்யும் பெட்டிதான். ஹப் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். “அதுக்கு மேலேதான் வெச்சிருக்கோம்” என்றார். கூடத்துக்கு மாற்றச் சொன்னேன், மாற்றினார், சரியாகிவிட்டது. நான் வண்டியைக்கூட எடுக்கவில்லை. பணமும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாமோ என்று இப்போது தோன்றுகிறது.