'போடா லூசு' என்று சொன்ன பிறகு

"டாக்டரம்மா, என் பையன் லூசு எல்லாம் இல்ல. நல்லாப் படிச்சவன்."

நாற்காலியில் உட்காரும் முன்பே அந்தத் தாய் சொன்னது இது. (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.) பையனுக்கு 22 வயது. ஏழு மாதமாகச் சரியான தூக்கமில்லை. பக்கத்து வீட்டார் தன்னைப் பற்றியே பேசுவதாகச் சந்தேகம். தனியாக இருக்கும்போது காதில் குரல்கள். இத்தனை நாள் யாரிடமும் சொல்லவில்லையா என்று கேட்டேன்.

"தங்கச்சிகிட்ட சொன்னேன். 'போடா லூசு'ன்னு சிரிச்சா. அப்புறம் யார்கிட்டயும் சொல்லல."

அந்தப் பெண் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. சட்டை லூசாக இருக்கிறது என்கிறோமே, ஆங்கிலத்திலிருந்து வந்த அதே சொல்தான் இது. 'மறை கழண்டவன்' என்ற பேச்சுக்கும் இதுவே பொருள். சாவியை மறந்து வருபவர் லூசு. பிரியமான தோழியும் லூசு. அந்தச் செல்லத்தில் எனக்குக் குறையில்லை. ஆனால் மனைவி நியாயமாக ஒன்றைக் கேட்கும்போது "லூசு மாதிரி பேசாதே" என்பது அவள் வாயை அடைக்கத்தான்.

கீழ்ப்பாக்கத்தையும் இப்படித்தான் வசவாக்கிவிட்டோம். 1794-ல் தொடங்கி, 1871-ல் அங்கே இடம் மாறிய மனநல மருத்துவமனை அது. எத்தனையோ பேரைக் குணப்படுத்தி வீட்டுக்கு அனுப்பிய இடத்தின் பெயரைச் சொல்லிக் கேலி செய்தால், தேவைப்படுகிற நாளில் யார் அங்கே போவார்கள்?

அந்தப் பையனுக்கு வந்திருப்பது மனச்சிதைவு. பெரும்பாலும் பதின்வயதின் இறுதியிலோ இருபதுகளிலோ தலைகாட்டும் நோய். சிகிச்சை தள்ளிப்போகப் போக, மீள்வது கடினமாகும். அதனால் வீட்டில் ஒருவர் "குரல் கேட்குது" என்றால் சிரிக்காதீர்கள், வாதமும் செய்யாதீர்கள். "எப்போலேர்ந்து? பயமா இருக்கா?" என்று கேளுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. நேரில் வரத் தயக்கமென்றால் அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்கு அழைக்கலாம்; இலவசம், எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம்.

மாத்திரை முழுப் பலன் தரச் சில வாரங்கள் ஆகும். ஐந்து வாரம் கழித்து வந்தவன், இரவில் தூங்குவதாகச் சொன்னான். குரல்கள் குறைந்திருந்தன, முழுதாகப் போகவில்லை. இந்த முறை கூட வந்தது தங்கை. எந்த மாத்திரையை எப்போது கொடுக்க வேண்டும் என்று அவள்தான் கேட்டு எழுதிக்கொண்டாள்.