கோட்டையில் ஓடுவதற்கு முன் நாற்காலியிலிருந்து எழுந்து பாருங்கள்

பொங்கல் முடிந்த கையோடு முட்டி வீங்கி என்னிடம் வருபவர்கள் ஒவ்வொரு வருடமும் உண்டு. ஜனவரி 1ஆம் தேதி முடிவெடுத்திருப்பார்கள், புது ஷூ வாங்கியிருப்பார்கள், விடியற்காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு வேலூர் கோட்டைக்குப் போய், பத்து வருடமாக மாடிப்படிகூட ஏறாத உடம்பை முதல் நாளே ஓட விட்டிருப்பார்கள். மூன்றாம் நாள் ஆடுசதை பிடித்துக்கொள்ளும், அதையும் பொறுத்துக்கொண்டு ஓடுவார்கள். இரண்டாவது வாரம் முட்டியில் நீர் கோத்துக்கொண்டு என் முன்னால் உட்கார்ந்து, "மேடம், எனக்கெல்லாம் எக்சர்சைஸ் ஒத்துக்காது போல" என்று சொல்லும்போது எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். அதிகாலை ஐந்து மணிக்கு எழுந்து ஓடியவரை யார் சோம்பேறி என்று சொல்ல முடியும்? ஆரம்பித்த அளவுதான் தப்பு.

நான் பிசியோதெரபிஸ்ட். வேலூர் சத்துவாச்சாரியில் 15 வருடத்துக்கு மேலாக நோயாளிகளைப் பார்க்கிறேன். "வெயிட் குறையணும், உடம்பு கொஞ்சம் இறுகணும், எங்கிருந்து ஆரம்பிக்கிறது?" என்று கேட்டு வரும் யாரையும் நான் முதலில் எடை மெஷினில் ஏற்றுவதில்லை. ஒரு சாதாரண நாற்காலியைச் சுவரோரமாகப் போட்டு, இரண்டு கையையும் மார்பில் குறுக்காகக் கட்டிக்கொள்ளச் சொல்லி, 30 விநாடியில் எத்தனை முறை முழுசாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுவேன். 60லிருந்து 64 வயதுக்குள் இருக்கும் பெண் என்றால் 12 முறையாவது, ஆண் என்றால் 14 முறையாவது எழ வேண்டும் என்பது இந்தச் சோதனையில் வைத்திருக்கும் கணக்கு. என் அறையில் 40 வயதுக்காரர்கள் ஒன்பதில் நின்றுபோவதை எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன். ஒன்பதில் நிற்கிற தொடைக்கு ஓட்டம் எதற்கு?

ராணிப்பேட்டை பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பகுதி தைக்கும் அக்கா ஒருவர் வந்தார். வயது 42, எடை 78 கிலோ, இடுப்புச் சுற்றளவு 98 செ.மீ. காலையில் கம்பெனி வேனில் ஏறினால் சாயங்காலம் வரை மெஷின் முன்னால் உட்கார்ந்தே வேலை, வீட்டுக்கு வந்தால் அடுப்படியில் நின்றே வேலை. "நடக்கச் சொல்றீங்களே மேடம், எப்ப நடக்கிறது?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான், அதற்குப் பதில் சொல்லாமல் தினமும் ஒரு மணி நேரம் வாக்கிங் போங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுப்பதில் பிரயோஜனம் இல்லை. அவருக்கு நான் கொடுத்தது ஒன்றே ஒன்று. காலை டிபனுக்கு முன்னால், மதியச் சாப்பாட்டுக்கு முன்னால், ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காருங்கள். ஒரு தடவைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. கம்பெனியில் யாராவது பார்த்தால் கூச்சமாக இருக்கும் என்றார், சரி, மதியத்துக்குப் பதிலாகப் படுக்கப் போகும் முன் செய்யுங்கள் என்றேன்.

ஆறு வாரம் கழித்து எடை பார்த்தால் ஒன்றரைக் கிலோதான் குறைந்திருந்தது, முகம் வாடிவிட்டது. டேப்பை எடுத்து இடுப்பை அளந்தேன், 94. "வேன்ல ஏறும்போது இப்ப கம்பியைப் பிடிக்கிறதில்ல" என்று அவரே அப்புறம்தான் ஞாபகம் வந்து சொன்னார். எனக்கு அந்த 94ஐ விடவும் அந்தக் கம்பி பெரிய விஷயமாகப் பட்டது.

முப்பது வயதுக்கு மேல் நாம் ஒன்றும் செய்யாமல் இருந்தால் பத்து வருடத்துக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை கரைந்துகொண்டே போகிறது. எடை மெஷினில் இது தெரியாது, ஏனென்றால் கரைந்த தசையின் இடத்தில் கொழுப்பு வந்து உட்கார்ந்துகொள்ளும். உடம்பிலேயே பெரிய தசைகள் தொடையிலும் புட்டத்திலும்தான் இருக்கின்றன, சாப்பிட்ட மாவுச்சத்து சர்க்கரையாக மாறி ரத்தத்தில் ஓடும்போது அதை வாங்கி வைத்துக்கொள்ளும் பெரிய கிடங்கும் அவைதான். அந்தக் கிடங்கு சுருங்கிப்போனால் சர்க்கரையும் ஏறும், தொப்பையும் ஏறும், முட்டியும் தேயும். எடை குறைவதால் முட்டிக்குக் கிடைக்கும் லாபமும் சின்னது இல்லை. ஒரு கிலோ குறைத்தால் ஒவ்வொரு அடி எடுத்து வைக்கும்போதும் முட்டி மேல் விழும் பாரத்தில் சுமார் நாலு கிலோ குறைகிறது.

ஆக, ஐந்து முறை எழுவது சுலபமாகிவிட்டால் எட்டாக்குங்கள், அப்புறம் பன்னிரண்டு. பன்னிரண்டும் சுலபம் என்றால் எண்ணிக்கையை ஏற்றிக்கொண்டே போகாமல் நாற்காலியை மாற்றி, கொஞ்சம் தாழ்வான ஸ்டூலுக்கு வாருங்கள், இல்லையென்றால் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலை மார்போடு அணைத்துக்கொண்டு எழுங்கள். தசைக்குக் கொஞ்சம் கஷ்டம் கொடுத்தால்தான் அது இறுகும். இதோடு இன்னும் மூன்று போதும் ஆரம்பத்துக்கு. சுவரிலிருந்து ஒரு கை தூரம் தள்ளி நின்று, உள்ளங்கையை ஊன்றி, நெஞ்சைச் சுவர் பக்கம் கொண்டுபோய்த் தள்ளி வருவது ஒன்று. பாயில் மல்லாந்து படுத்து முட்டியை மடக்கி இடுப்பைத் தூக்கி இறக்குவது இன்னொன்று. மூன்றாவதாக, சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது. வாரத்தில் இரண்டு நாள், நடுவில் ஒரு நாளாவது இடைவெளி விட்டு, ஒவ்வொன்றையும் எட்டிலிருந்து பன்னிரண்டு முறை, இரண்டு சுற்று. மறுநாளும் அதற்கு மறுநாளும் தசை வலிக்கும், மூன்று நாளில் தானாக அடங்கிவிடும், அது பயப்படும் வலி இல்லை. மூட்டுக்குள் குத்தினாலோ வீங்கினாலோ அது வேறு, அன்றைக்கே நிறுத்திவிட்டு வந்து காட்டுங்கள்.

தொப்பைக்கு மட்டும் ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்காதவர் இல்லை. படுத்து எழும் பயிற்சியை நூறு நூறாகச் செய்தாலும் வயிற்றுத் தசைதான் பலமாகும், அதன் மேல் படிந்த கொழுப்பு அந்த இடத்தில் மட்டும் கரையாது. கொழுப்பு உடம்பு முழுவதிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போகும், எங்கே முதலில் போகும் என்பதை நாம் முடிவு செய்ய முடியாது. இடுப்பில் கட்டிக்கொண்டு வேர்க்க வைக்கும் பெல்ட்டில் போவது தண்ணீர், ஒரு சொம்பு குடித்தால் திரும்பி வந்துவிடும். தயவுசெய்து அதற்குக் காசு செலவு செய்யாதீர்கள்.

நடைக்கு வருகிறேன். வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான வேகத்தில் நடக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு, அதை ஒரேயடியாக நடக்க வேண்டும் என்று எங்கேயும் இல்லை, பத்துப் பத்து நிமிடமாகச் சேர்த்தாலும் கணக்கில் வரும். மிதமான வேகம் என்றால், நடக்கும்போது பக்கத்தில் வருபவரிடம் பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக் கூடாது. பத்தாயிரம் அடி போகவில்லையே என்று மொபைலைப் பார்த்துக் கவலைப்படுபவர்களுக்கு ஒரு விஷயம்: அந்தப் பத்தாயிரம் 1965 வாக்கில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடை எண்ணும் கருவியின் பெயரிலிருந்து வந்தது, மருத்துவர்கள் அளந்து வைத்த எல்லைக்கோடு இல்லை. இப்போது மூவாயிரம் நடக்கிறீர்கள் என்றால் நாலாயிரம் நடங்கள், அது போதும் இந்த மாதத்துக்கு.

நம் ஊர் வெயிலை மறந்துவிட்டுப் பேச முடியாது. வேலூரைப் பற்றிச் சொல்லும் பழைய பேச்சில் 'மரமில்லாத மலை' என்று ஒன்று வரும், அந்தப் பாறையெல்லாம் பகல் முழுக்க வாங்கிய சூட்டை ராத்திரியில்தான் விடும், அதனால் கத்தரி வெயில் சமயத்தில் காலை ஏழு மணிக்கே உடம்பு எரியும். மே மாதத்தில் ஆறரைக்குள் நடந்து முடியுங்கள், முடியாவிட்டால் வீட்டுக்குள்ளேயே நடங்கள், ஹாலிலிருந்து சமையலறைக்கும் அங்கிருந்து வாசலுக்கும் பத்து நிமிடம் நடந்தால் அதுவும் நடைதான். நெடுஞ்சாலையின் சர்வீஸ் ரோட்டில் இருட்டோடு நடப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறும், லாரிக்காரர் கண்ணுக்கு நீங்கள் தெரிய மாட்டீர்கள், தெருவுக்குள்ளேயே நாலு சுற்று வாருங்கள். சாப்பிட்டு முடித்ததும் பத்துப் பதினைந்து நிமிடம் மெதுவாக நடப்பது சர்க்கரை ஏறுவதை நன்றாக மட்டுப்படுத்தும், எனக்குத் தெரிந்து இவ்வளவு சுலபமான வைத்தியம் வேறு கிடையாது.

சாப்பாட்டில் நான் முதலில் கைவைப்பது டீயில். ஒரு நாளைக்கு ஐந்து டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் 50 கிராம், 200 கலோரி. 70 கிலோ எடையுள்ள ஒருவர் அரை மணி நேரம் வேகமாக நடந்தாலும் ஏறத்தாழ 150 கலோரிதான் செலவாகும். நடையை முடித்துவிட்டுக் கடையில் நின்று டீயும் இரண்டு பிஸ்கட்டும் சாப்பிட்டு வீடு திரும்பினால் நடந்தது எங்கே போயிற்று என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரேயடியாக நிறுத்த வேண்டாம், இந்த வாரம் ஒன்றரை ஸ்பூன், அடுத்த வாரம் ஒன்று, நாக்கு பழகிக்கொள்ளும்.

அடுத்தது களி. நம் பக்கத்து ஆட்களுக்குக் கேழ்வரகு என்றாலே எடை குறையும் என்று ஒரு நம்பிக்கை. கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்தும் நார்ச்சத்தும் அரிசியை விட அதிகம், அதில் சந்தேகமே இல்லை, ஆனால் கலோரியில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது, 100 கிராம் மாவுக்கு 320 சொச்சம், அரிசிக்கு 350 பக்கம். மூன்று உருண்டைக் களி சாப்பிட்டால் மூன்று தட்டு சோறு சாப்பிட்ட மாதிரிதான். ஒரு உருண்டை, அதோடு கீரைக் கடைசலோ மொச்சைக் குழம்போ தாராளமாக. எங்கள் ஊர் முள் கத்திரிக்காயையும் அப்படித்தான் தாராளமாகச் சாப்பிடலாம், அதற்கு ஊற்றும் எண்ணெயில்தான் கவனம் வேண்டும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரிக்கு மேல்.

தசை வளர வேண்டும் என்றால் புரதம் வேண்டும், ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு கிராம் என்று தோராயமாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது. இரண்டு இட்லி, சட்னியோடு காலையை முடித்துவிட்டு மதியம் சாம்பார் சாதம் சாப்பிடுபவருக்கு இந்தக் கணக்கு பாதிகூட நிறையாது. காலையில் ஒரு முட்டை, சாயங்காலம் பஜ்ஜிக்குப் பதில் ஒரு கிண்ணம் சுண்டல், ராத்திரி தயிர் என்று சேர்த்தாலே பெரிய மாற்றம் தெரியும். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் கூட்டாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை ஆம்பூர் பிரியாணியை விடச் சொல்ல மாட்டேன், விடச் சொன்னால் யாரும் கேட்கவும் மாட்டார்கள். ஒரு தட்டோடு நிறுத்தி, கறித் துண்டையும் வெங்காயப் பச்சடியையும் கூட்டிக்கொண்டு அரிசியைக் குறையுங்கள்.

தூக்கம் ஏழு மணி நேரம். ஐந்து மணி நேரம் தூங்கிவிட்டு வாக்கிங்குக்கு எழுபவர்களிடம், அன்றைக்கு வாக்கிங்கை விட்டுவிட்டுத் தூங்குங்கள் என்றுதான் சொல்வேன், தூக்கம் குறைந்தால் பசி கூடும்.

சிலர் மட்டும் டாக்டரைப் பார்த்துவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். நடக்கும்போது நெஞ்சு இறுக்குகிறது, தாடைக்கோ இடது கைக்கோ வலி பரவுகிறது, கண் இருட்டுகிறது என்றால் பயிற்சியெல்லாம் அப்புறம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வாயுவாக இருக்கும் என்று இஞ்சி தட்டிப் போட்டுக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டாம். சர்க்கரைக்கு இன்சுலின் போடுபவர்கள் வெறும் வயிற்றில் வேகமாக நடந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கும், சில மாத்திரைகளுக்கும் இது பொருந்தும், பையில் நாலு மிட்டாய் இருக்கட்டும். பாதம் மரத்துப்போனவர்கள் வெறுங்காலில் நடக்கவே கூடாது, முள் குத்தினது மூன்று நாள் கழித்துச் சீழ் வந்த பிறகு தெரிந்து வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அளவுக்கு டேப் வைத்துக்கொள்ளுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை விட்டபிறகு, வயிற்றை எக்காமல் அளக்க வேண்டும். நம் நாட்டு ஆண்களுக்கு 90 செ.மீ, பெண்களுக்கு 80 செ.மீ தாண்டினால் கவனிக்க வேண்டிய நிலை. மாதம் ஒரு தடவை போதும். எடையில் வாரத்துக்கு அரைக் கிலோ குறைவது நல்ல வேகம், அதை விட வேகமாகக் குறைந்தால் தசையும் சேர்ந்து போகிறது என்று எனக்குச் சந்தேகம் வரும்.

இப்போது என்னிடம் வரும் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவருக்கு 66 வயது. சோளிங்கர் நரசிம்மர் கோவில் மலையை ஏற வேண்டும் என்பது அவர் ஆசை, 1305 படி. ரோப் கார்தான் வந்துவிட்டதே டீச்சர் என்றேன். "ஏம்மா, அதுல போனா ஏறினதாகுமா?" என்றார். முதல் நாள் நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் அவரால் நாலு முறைதான் எழ முடிந்தது, மூன்றரை மாதம் ஆகிறது, போன வாரம் பதிமூன்று. வீட்டு மாடிப்படியில் தினமும் பத்து நிமிடம் ஏறி இறங்குகிறார். முட்டிக்கு ஏறுவதை விட இறங்குவதுதான் பாரம் என்பதால், மலையில் ஏறுவது நடந்து, இறங்குவது ரோப் காரில் என்று பேசி முடித்திருக்கிறோம். கார்த்திகையில் கூட்டம் தாங்காது, ஐப்பசியிலேயே போய்வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.