நாய்ச்சோறும் நல்லபாம்பும்

எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்கு ஐப்பசி, கார்த்திகை என்று இரண்டே மாதத்தில் மூன்று தடவை பாம்பு வந்தது. முதலில் சாரை. அடுத்த இரண்டும் நல்லபாம்பு. அந்த வீட்டு அக்கா புற்றுக்குப் பால் ஊற்றினார், வாசலில் பூண்டு நசுக்கிப் போட்டார், மதிலைச் சுற்றிப் பினாயில் தெளித்தார். மூன்றாவது தடவை பாம்பு பிடிக்க வந்த தம்பி, பாம்பைப் பைக்குள் விட்டுக் கட்டிய பிறகும் கிளம்பவில்லை. கொல்லைப்பக்கம் ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஓர் அலுமினியத் தட்டு, அதில் பாதி தின்ற தயிர்சோறு.

"நாய்க்கு ராத்திரி வைக்கிற சோத்துல மிச்சத்தை யாருக்கா திங்குது?" என்று கேட்டார்.

அக்கா விழித்தார். தம்பி டார்ச்சைத் திருப்பி, மதிலோரம் அடுக்கியிருந்த பழைய செங்கல்லுக்கு அடியில் வெளிச்சம் அடித்தார். ஒரு பெருச்சாளி வளை. பக்கத்திலேயே இன்னொன்று.

தெருநாய்க்குச் சோறு வைப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தத் தட்டிலிருந்து பாம்பு வரை ஒரு பாதை போகிறது. அது நம் கண்ணுக்குத் தெரியாத பாதை. பாம்பின் நாக்குக்கு மட்டும் நன்றாகத் தெரியும்.

பாம்புக்கு மூக்கு இருக்கிறது. இருந்தாலும் மோப்ப வேலையில் பெரும்பங்கு நாக்குக்குத்தான். நாக்கை வெளியே நீட்டி, காற்றிலும் தரையிலும் இருக்கும் நுண்ணிய மணத்துகள்களை ஒற்றி எடுத்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. வாயின் மேலண்ணத்தில் இரண்டு சின்னக் குழிகள் உண்டு. ஜேக்கப்சன் உறுப்பு என்று பெயர். துகள்கள் அங்கே போய்ச் சேர்ந்ததும் மூளைக்குச் செய்தி போகிறது. நாக்கு ஏன் இரண்டாகப் பிளந்திருக்கிறது? இரண்டு நுனியும் இரண்டு வேறு இடங்களைத் தொடுகின்றன. இடது நுனியில் எலி மணம் தூக்கலாக இருந்தால் பாம்பு இடதுபக்கம் திரும்பும். சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று நம் இரண்டு காதுகளும் சேர்ந்து சொல்வது போலத்தான் இதுவும்.

எலிக்கு ஒரு பழக்கம். ஓடுகிற வழியெல்லாம் துளித்துளியாகச் சிறுநீர் விட்டுக்கொண்டே போகும். நடுத்தரையில் ஓடாது, சுவரை ஒட்டியே ஓடும். ஆகவே உங்கள் வீட்டுச் சுவரோரம் முழுக்க எலி தன் கைப்பட ஒரு வழிகாட்டிப் பலகை எழுதி வைத்திருக்கிறது. பாம்பு அதைப் படித்துக்கொண்டே வருகிறது. கதவுக்கு அடியில் அரை அங்குல இடுக்கு இருந்து எலிக்குஞ்சு அதில் புகுந்திருந்தால், பாம்பும் அங்கேதான் தலையை நுழைத்துப் பார்க்கும். நம்மைத் தேடி வருவதில்லை. நாம் வீட்டில் இருப்பதே அதற்குத் தொந்தரவு.

பூண்டும் பினாயிலும் பாம்பைத் தடுக்கும் என்பதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் எதுவும் இல்லை. அக்கா வீட்டுக்கு வந்த மூன்றாவது பாம்பு பூண்டைத் தாண்டித்தான் வந்தது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. பாம்பு தன் உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ள உணவைச் செலவழிப்பதில்லை, வெயிலையும் சூடான தரையையும் பயன்படுத்திக்கொள்கிறது. அதனால் ஒரு பெரிய எலி கிடைத்தால் பல நாள் ஓட்டிவிடும். எலியின் கதை நேர் எதிர். சினையான மூன்று வாரத்தில் குட்டி போடும், ஓர் ஈற்றில் ஆறேழு குட்டி சாதாரணம். பாம்பை அடித்துப் போட்டால் எலி அப்படியே இருக்கிறது, எலிமணமும் இருக்கிறது, இடம் மட்டும் காலியாகிறது. கொஞ்ச நாளில் அடுத்த பாம்பு குடிவந்துவிடும். மூன்று தடவை வந்தது ஒரே பாம்பு பழிவாங்க வந்ததாகத் தெருவில் பேசிக்கொண்டார்கள். சாரை எப்படி நல்லபாம்பாக மாறியது என்று யாரும் கேட்கவில்லை. கொம்பேறிமூக்கன் கடித்துவிட்டு, கடிபட்டவரைச் சுடுகாட்டில் எரிக்கிறார்களா என்று மரத்தின் மேலேறிப் பார்க்கும் என்று என் பாட்டி சொன்னதும் இந்த வகைதான். அதற்கு மனிதரைக் கொல்லும் விஷமே கிடையாது, பாவம்.

காது விஷயத்துக்கு வருவோம். கூர்மையாகக் கேட்பவரைப் 'பாம்புச் செவி' என்கிறோம். உண்மையில் பாம்புக்கு வெளிக்காதும் இல்லை, செவிப்பறையும் இல்லை. உள்காது உண்டு. அது சிறு எலும்பு வழியாகத் தாடையோடு இணைந்திருக்கிறது. தரையில் தாடையை வைத்துக் கிடக்கும் பாம்புக்கு நம் காலடி அதிர்வு அப்படியே உள்காதுக்குப் போய்விடும். காற்றில் வரும் தாழ்ந்த ஒலிகளும் ஓரளவு கேட்கும். மகுடிக்கு ஆடுகிறது என்பதில், இசையைவிட மகுடியின் அசைவுக்குத்தான் பங்கு அதிகம். நல்லபாம்பு கண்ணால் அதைப் பின்தொடர்ந்து திரும்புகிறது. இருட்டில் வயலுக்குப் போகும் பெரியவர்கள் தடியைத் தரையில் தட்டிக்கொண்டே நடப்பார்கள் இல்லையா, அது நல்ல அறிவியல். பாம்புக்கு விலகிப்போக நேரம் கொடுக்கிறது.

விலகிப்போகாத ஒன்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கட்டுவிரியன். பகலில் பிடித்தால் சுருண்டு தலையை மறைத்துக்கொள்ளும் சாதுவான பாம்பு, இரவில் ஆளே மாறிவிடும். அதன் உணவில் மற்றப் பாம்புகளுக்கு முக்கிய இடம். சின்னப் பாம்பு, பல்லி, எலி என்று தேடி வீட்டுக்குள் வரும். தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பவர் புரண்டு அதன்மேல் கையைப் போட்டால் கடித்துவிடும். பல் சிறியது, பல சமயம் வலியே தெரியாது, தடம்கூடக் கண்ணில் படாது. விடியற்காலையில் வயிற்றுவலி, அப்புறம் இமை தொங்குதல். ஏதோ சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து நேரத்தை விட்டவர்கள் உண்டு. கட்டிலும் கொசுவலையும் இருந்தால் இந்தக் கடியில் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம். வலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் சொருகியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

விஷம் உள்ளே போய் என்னதான் செய்கிறது? நரம்பு தசைக்கு 'சுருங்கு' என்று சொல்ல அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளை விடுகிறது. தசையில் அதை வாங்கிக்கொள்ள ஏற்பிகள் இருக்கின்றன, பூட்டில் சாவித்துளை மாதிரி. நல்லபாம்பின் விஷம் அந்தத் துளையில் போய் அடைத்துக்கொள்கிறது. செய்தி வந்தும் தசை அசையாது. முதலில் இமை, பிறகு தொண்டை, கடைசியில் மூச்சு. கட்டுவிரியன் விஷம் இன்னும் மோசம். செய்தி அனுப்பும் நரம்பு முனையையே சிதைக்கிறது. விஷமுறிவு மருந்து சுற்றித் திரியும் விஷத்தைத்தான் பிடிக்கும், சிதைந்த முனையை ஒட்ட வைக்காது. அது மறுபடி வளர நாள்கணக்கில் ஆகும், அதுவரை இயந்திரம் மூச்சுவிட்டுக் கொடுக்க வேண்டியிருக்கலாம்.

கண்ணாடிவிரியன் வேறு ரகம். குக்கர் ஆவி விடுவது போலச் சீறும், அதைக் கேட்டால் அப்படியே பின்னால் நகருங்கள். அதன் விஷம் ரத்தத்தை உறையவைக்கும் பொருள்களைத் தாறுமாறாகத் தூண்டிவிட்டு, அத்தனையையும் செலவழித்து முடிக்கிறது. அதன்பின் ரத்தம் உறையவே உறையாது. சிறுநீரகமும் பழுதாகும். மருத்துவமனையில் சுத்தமான கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தத்தை எடுத்து 20 நிமிடம் அசையாமல் வைத்துச் சாய்த்துப் பார்ப்பார்கள். உறையாமல் வழிந்தால் விஷம் ஏறியிருக்கிறது என்று பொருள். இத்தனை எளிய சோதனை இன்றைக்கும் உயிர் காக்கிறது என்பது எனக்கு எப்போதும் வியப்புதான்.

நல்லபாம்பு கடித்தாலும் கீரிக்கு எப்படிப் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை? கடிபட்டால் காட்டுக்குள் ஓடி மூலிகையைத் தின்று திரும்பும் என்பார்கள். மூலிகை அதன் தசையிலேயே இருக்கிறது. கீரியின் ஏற்பி சற்று வேறு வடிவம், அதன்மேல் ஒரு சர்க்கரை மூலக்கூறு ஒட்டியிருக்கிறது. விஷத்தால் அந்தத் துளையில் சரியாக உட்கார முடிவதில்லை. நல்லபாம்பின் உடம்பிலும் இதே ஏற்பாடு உண்டு, இல்லாவிட்டால் தன் விஷத்துக்குத் தானே பலியாகும். நம் நாய்க்கு இந்த வசதி இல்லை. ஆனாலும் மூக்கை நீட்டிக்கொண்டு போய் நிற்கும், முகத்திலும் முன்னங்காலிலும் கடி வாங்கும். நாய் ஒரே இடத்தைப் பார்த்து விடாமல் குரைத்தால் முதலில் அதைக் கூப்பிட்டுக் கட்டுங்கள், பாம்பு அப்புறம். கடிபட்டால் கால்நடை மருத்துவர் மனிதருக்குப் போடும் அதே விஷமுறிவு மருந்தைத்தான் போடுவார்.

அந்த மருந்து வருவதும் பாம்பிடமிருந்துதான். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் விஷத்தையும் சிறுசிறு அளவில் குதிரைக்கு ஏற்றி, அதன் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுக்கிறார்கள். மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் 1978இல் இருளர்கள் தொடங்கிய கூட்டுறவுச் சங்கம் இதற்கு விஷம் எடுத்துக் கொடுக்கிறது. பாம்பைப் பிடித்துவந்து மண்பானையில் வைத்து, சில வாரம் விஷம் எடுத்துவிட்டு, வயிற்றுச் செதிலில் அடையாளம் போட்டு மறுபடி வெளியே விட்டுவிடுகிறார்கள். அந்தச் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்திருப்பார்கள் என்று 2020இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அந்தக் கணக்கோடு சேர்த்துப் பார்த்தால்தான் அந்த மண்பானைகளின் மதிப்பு தெரியும்.

கடிபட்டால் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். தசை அசைய அசைய விஷம் வேகமாகப் பரவும் என்பதால் கடிபட்ட கை காலை ஒரு கட்டையோடு சேர்த்து அசையாமல் வைத்து, 108ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். பாம்பை அடித்து எடுத்துக்கொண்டு போக வேண்டாம். நான்குக்கும் ஒரே மருந்துதான்.

பிடித்த பாம்பை எங்கே விடுவது என்பதிலும் நாம் தப்பு செய்கிறோம். 'எங்கேயாவது தூரமா காட்டுல விட்டுடுங்க' என்பது எல்லோரும் சொல்வது. பாம்புக்குத் தன் ஊர் உண்டு. எந்த வளையில் குளிரும், எங்கே தண்ணீர், எந்த வேலியில் தவளை எல்லாம் அதற்குத் தெரியும். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் கிலுகிலுப்பைப் பாம்புகளுக்கு ரேடியோ கருவி வைத்துப் பார்த்தார்கள். புது இடத்தில் விடப்பட்டவை வழிதெரியாமல் அலைந்தன, பாதிக்கும் மேல் செத்துப்போயின. பிறந்த இடத்திலேயே இருந்தவற்றில் பத்தில் ஒன்றுதான். அக்கா வீட்டுக்கு வந்த தம்பி இதைப் படித்தவரில்லை. ஆனாலும் பாம்பைப் பக்கத்து ஏரிக்கரையில்தான் விட்டார். "இதோட ஊரு இதுதானே" என்றார்.

கடைசியில் அந்த வீட்டில் செய்தது இவ்வளவுதான். நாய்க்கு ஏழு மணிக்குச் சோறு, அரை மணி நேரத்தில் தட்டைக் கழுவி உள்ளே எடுத்துவைப்பது. செங்கல்லை அப்புறப்படுத்தி வளைகளை அடைத்தார்கள், கொல்லைக் கதவுக்கு அடியில் ரப்பர் பட்டை, சாக்கடைக் குழாய்க்குக் கம்பிவலை. எலிக்கு விஷம் வைக்க வேண்டாம் என்று தம்பி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். விஷம் தின்ற எலியைத் தின்று நாயும் ஆந்தையும் சாகும்.

அந்தச் சாரை மட்டும் இன்னமும் எப்போதாவது மதிலோரம் போகிறது. அக்கா இப்போது யாருக்கும் போன் செய்வதில்லை. நாயைப் பிடித்து உள்ளே விட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு, அது வேலிக்குள் நுழையும் வரை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.