ஹார்ட் அட்டாக் வேறு, கார்டியாக் அரெஸ்ட் வேறு

இரண்டையும் "மாரடைப்பு" என்றே எழுதுகிறோம். அந்தச் சொல் பொருந்துவது ஹார்ட் அட்டாக்குக்கு மட்டும்தான். இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயில் கொழுப்புப் படிவு கிழிந்து, அதன்மேல் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்கிறது. அந்தப் பகுதித் தசை சாகத் தொடங்கும். ஆனாலும் இதயம் துடித்துக்கொண்டுதான் இருக்கும். ஆள் பேசுவார், வியர்த்துக் கொட்டும், நெஞ்சை ஏதோ அழுத்துவதாகச் சொல்வார். சர்க்கரை நோயாளிக்கு வலியே தெரியாமல் மூச்சுத் திணறல் மட்டும் வரலாம். சாய்ந்தவாக்கில் உட்கார வைத்து ஆம்புலன்ஸை அழையுங்கள், நடக்க விடாதீர்கள். முதல் இ.சி.ஜி. சரியாக இருக்கிறதே என்று வீட்டுக்குக் கிளம்புவதும் தவறு. இதயத் தசை சிதைந்தால் ரத்தத்தில் கூடும் புரதமான ட்ரோபோனினை அளக்கும் ரத்தப் பரிசோதனையைச் சில மணி நேர இடைவெளியில் மறுபடி பார்க்க வேண்டியிருக்கும்.

கார்டியாக் அரெஸ்ட்டில் பழுது இதயத்தைத் துடிக்க வைக்கும் மின்னோட்டத்தில். இதயம் தாறுமாறாகத் துடிதுடித்து, ரத்தத்தை வெளியே தள்ளாமல் போகிறது. சில நொடிகளில் ஆள் சுருண்டு விழுவார். தட்டினாலும் கூப்பிட்டாலும் பதில் இருக்காது. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்: குறட்டை போல விட்டுவிட்டு வரும் திணறலை மூச்சு என்று நினைத்து, முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டு நிற்பார்கள். அது மூச்சே அல்ல. நாடி பார்ப்பதிலும் நேரம் கடத்த வேண்டாம்.

ஒருவர் ஆம்புலன்ஸை அழைக்கட்டும், நீங்கள் நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள். கட்டிலில் கிடந்தால் தரைக்கு இறக்குங்கள். மெத்தையில் அழுத்தினால் மெத்தைதான் அமுங்கும். நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் உள்ளங்கையின் அடிப்பகுதி, அதன்மேல் மறு கை, முழங்கை மடங்காமல். பெரியவர்களுக்கு 5 முதல் 6 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. ஒவ்வொரு முறையும் மார்பு முழுசாக மேலெழ விட்டால்தான் இதயத்துக்குள் ரத்தம் நிரம்பும். 2 நிமிடத்தில் வேகம் தானாகக் குறையும், ஆள் மாற்றிக்கொள்ளுங்கள். விலா எலும்பு முறியலாம், அதற்காக நிறுத்தாதீர்கள்.

ஏ.இ.டி. (இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுத்துத் துடிப்பைச் சீராக்கும் கருவி) கிடைத்தால் ஈர மார்பைத் துடைத்து ஒரு பட்டையை வலது காறை எலும்புக்குக் கீழும், மற்றதை இடது அக்குளுக்குக் கீழும் ஒட்டுங்கள். ஷாக் தேவையா என்பதைக் கருவியே பார்த்துச் சொல்லும்.

ஒன்று மற்றொன்றாக மாறவும் கூடும். அட்டாக் வந்த முதல் சில மணி நேரத்தில் அரெஸ்ட் வரும் அபாயம் அதிகம். நெஞ்சு வலியோடு தானே வண்டி ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகாதீர்கள் என்று சொல்வது அதனால்தான்.