பத்தாயத்துக்குள் கிடந்த ஆறு மா

மன்னார்குடிப் பக்கம் அறுவடை இயந்திரம் வாடகைக்கு விடும் என் மைத்துனர், போன தை மாதம் கைப்பேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினார். வேலைகளைக் குறித்து வைக்கும் செயலி. ஓர் ஊருக்கு ஒரு தலைப்பணி. அந்த ஊரின் ஒவ்வொரு வயலும் அதன் கீழே ஒரு துணைப்பணி. எல்லா வயலும் முடிந்தால் ஊர் தானாகவே 'முடிந்தது' என்று மாறி, கணக்குப்பிள்ளைக்குத் தகவல் போக வேண்டும். பதினொரு வயலிலும் அறுப்பு முடிந்து ஒரு வாரமாகியும் ஊர் 'நடக்கிறது' என்றே நின்றது.

துழாவியபோது பன்னிரண்டாவது வயல் அகப்பட்டது. ஆறு மா நிலம். சேறு காயவில்லை, டயர் வண்டி இறங்காது என்று நிலத்துக்காரர் வேறிடத்தில் செயின் வண்டி பேசிக்கொண்டார். மைத்துனர் அந்தப் பணியை அழிக்க மனமில்லாமல் காப்பகத்துக்கு அனுப்பியிருந்தார்.

காப்பகம் பத்தாயம் மாதிரி. நெல்லை அள்ளி உள்ளே கொட்டினால் கூடம் சுத்தமாகும். நெல் வீட்டில்தான் இருக்கும். குறுவைப் பணிகளை இப்படி ஒதுக்கினால்தான் தாளடிப் பலகை, அதாவது பணிகளை வரிசையாகக் காட்டும் திரை, கண்ணுக்கு அடங்கும். தரவுத்தளத்தில் ஒவ்வொரு பணியும் ஒரு வரி. 'தொடங்கவில்லை', 'நடக்கிறது', 'முடிந்தது' என்ற நிலை அந்த வரியின் ஒரு கட்டத்துக்குள் இருக்கும். காப்பகக் குறி பெரும்பாலும் வேறொரு கட்டத்தில். குறி விழுந்த வரிகளைப் பலகை காட்டாது, அவ்வளவுதான். 'தொடங்கவில்லை' என்று உள்ளே போன பணி அதே நிலையில் கிடக்கும். டிரெல்லோ என்ற பணிப் பலகைச் செயலியில் ஓர் அட்டையை (ஒரு பணியை) அழிப்பதற்கே முதலில் காப்பகத்துக்கு அனுப்ப வேண்டும்.

தானியங்கி விதி என்பது மூன்று கேள்விகள்: எது நடந்தால், எந்த நிபந்தனையில், என்ன செய்ய? மைத்துனரின் விதி நடுக் கேள்வியில் சறுக்கியிருந்தது. காப்பகத்தில் உள்ளவற்றைக் கழிக்காமல், பன்னிரண்டையும் எண்ணிக்கொண்டிருந்தது. கழிக்கச் சொன்னோம். (இதிலும் ஆபத்து உண்டு, கைதவறிக் காப்பகத்துக்குப் போன வயலை அறுக்காமலே ஊரை முடித்துவிடும்.)

அப்போதும் ஊர் அசையவில்லை. யாராவது வந்து சொன்னால்தான் மதகைத் திருகும் ஆள் அந்த விதி. ஒரு துணைப்பணியின் நிலை மாறும் கணத்தில்தான் அது விழிக்கும்; கடைசி மாற்றம் நடந்து ஒரு வாரம் ஆகிவிட்டது. இரவுதோறும் பலகையை ஒருமுறை பார்க்கும் விதியாக எழுதியிருந்தால் தானே கண்டுபிடித்திருக்கும். நாங்கள் குறுக்கு வழியில் போனோம். முடிந்த ஒரு வயலை 'நடக்கிறது' என்று மாற்றி, மறுபடி 'முடிந்தது' ஆக்கினோம். ஊர் முடிந்தது.

ஜிரா என்ற இன்னொரு பணிச் செயலியில் ஒரு விதி செய்த மாற்றம் இன்னொரு விதியை எழுப்ப வேண்டுமானால் தனியே அனுமதி தர வேண்டும். இந்தத் தடை இல்லையென்றால் விதிகள் ஒன்றையொன்று எழுப்பிக்கொண்டே சுற்றக்கூடும். ஆனால் அந்தக் காவல் விதிகளுக்குத்தான், மைத்துனரின் விரலுக்கு இல்லை. வயல் முடிந்ததும் நிலத்துக்காரருக்கு வாடகைத் தொகையைக் குறுஞ்செய்தியாக அனுப்பும் இன்னொரு விதியை அவர் எப்போதோ எழுதி மறந்திருந்தார். ஐந்தாவது நிமிடம் போன் வந்தது.

"மாப்பிள்ளை, போன வாரமே பணம் கொடுத்துவிட்டேனே?"