ஆங்கிலப் பேச்சை மூளை எங்கே வெட்டுகிறது?

"குறிப்புகளைப் படித்தால் எல்லாம் புரிகிறது. விரிவுரையில் உட்கார்ந்தால் பாதி நழுவிவிடுகிறது. அதுவும் சிங்கப்பூர்க்காரர் பேசினால் சமாளிக்கிறேன், பிரிட்டிஷ் பேராசிரியர் பேசினால் திணறுகிறேன். ஏன்?" என்று கேட்டிருக்கிறார், தமிழ்நாட்டிலிருந்து இங்கே சிங்கப்பூரில் பல்கலைக்கழகத்தில் சேர்ந்துள்ள ஒரு மாணவி.

ஒலி செவிப்பறையை அதிரவைப்பதும் உட்காதிலுள்ள காக்ளியா அதை நரம்புத் துடிப்பாக மாற்றுவதும் பள்ளியில் படித்ததுதான். சிக்கல் அதற்கு அப்புறம் வருகிறது. எழுத்தில் சொற்களுக்கிடையே இடைவெளி உண்டு, பேச்சில் கிடையாது. ஒலிப்பதிவை வரைபடமாகப் பார்த்தால், ப, ட, க போன்ற ஒலிகளுக்குக் காற்று அடைபடும் இடத்தில், சொல்லின் நடுவிலேயேகூட மௌனம் தெரியும். சொல் முடியுமிடத்திலோ ஒலி நிற்காமல் ஓடும். அப்படியானால் மூளை எதைப் பிடித்து வெட்டுகிறது?

அழுத்தத்தை! அதாவது, ஓர் அசையை மற்றவற்றைவிடப் பலமாக, தெளிவாக ஒலிப்பதை. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவரின் காது, அழுத்தமான அசை வந்ததும் அங்கே புதுச் சொல் தொடங்குவதாக எடுத்துக்கொள்கிறது. மனம் மொழியைக் கையாளும் விதத்தை ஆராயும் உளமொழியியலாளர் ஆன் கட்லர் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். 1987இல் அவரும் டேவிட் கார்ட்டரும் ஆங்கில உரையாடல்களை அலசியபோது, பெயர், வினை போன்ற பொருளுள்ள சொற்களில் ஏறத்தாழ 90 விழுக்காடு அழுத்தமான அசையில் தொடங்கின. ஆக, இது நல்ல பந்தயம்தான்.

பந்தயம் தோற்கும் இடம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. 1992இல் வெளியான ஓர் ஆய்வில், கட்லரும் சாலி பட்டர்ஃபீல்டும் மிக மெல்லிய ஒலியில் சொற்றொடர்களைக் கேட்கவைத்தார்கள். ஒலித்தது, 'கன்டக்ட் அசென்ட்ஸ் அப்ஹில்' (conduct ascents uphill). காதில் விழுந்ததோ, 'த டாக்டர் சென்ட்ஸ் த பில்' (the doctor sends the bill)! 'டக்', 'சென்', 'ஹில்' மூன்றும் அழுத்தமானவை. மூன்றின் முன்னாலும் மூளை கத்தியை வைத்துவிட்டது. மெலிந்த அசைகளான 'கன்', 'அப்' இரண்டையும் 'த' என்ற குட்டிச் சொல்லாக்கிக்கொண்டது. தவறிலும் எத்தனை ஒழுங்கு!

தமிழில் அழுத்தம் இடம் மாறினால் பொருள் மாறாது. அதனால் நம் காதுக்கு இந்தப் பழக்கம் தேவைப்பட்டதில்லை. சிங்கப்பூர் ஆங்கிலம் எளிதாக இருப்பதற்கும் இதில் விடை இருக்கிறது. 2000இல் லோ ஈ லிங்கும் சக ஆய்வாளர்களும் அளந்து பார்த்தபோது, பிரிட்டிஷ் ஆங்கிலத்தைவிட இங்குள்ள ஆங்கிலத்தில் உயிரொலிகளின் நீளம் சீராக இருந்தது. அசைகள் அவ்வளவாக விழுங்கப்படுவதில்லை.

பல வகுப்புகளில் ஒலிப்பதிவைப் போட்டுவிட்டு உடனே கேள்வி கேட்கிறார்கள். அது தேர்வு, கற்பித்தல் ஆகாது. விரிவுரைப் பதிவில் அரை நிமிடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் அழுத்தமாக விழும் அசைகளை மட்டும் எழுதுங்கள், அடுத்து இடையிலுள்ள சொற்களை நிரப்புங்கள், கடைசியில் எழுத்து வடிவத்தோடு ஒப்பிட்டு, நழுவிய இடத்தைத் திரும்பத் திரும்பக் கேளுங்கள்.

தூக்கத்தில் ஆடியோ ஓடினால் ஆங்கிலம் வந்துவிடும் என்று சொல்லி விற்பவர்களிடம் காசைத் தொலைக்காதீர்கள். படம் பார்ப்பதென்றால் ஆங்கிலத் துணையெழுத்தோடு (சப்டைட்டில்) பாருங்கள். 2009இல் ஹோல்கர் மிட்டரரும் ஜேம்ஸ் மெக்வீனும் டச்சு மாணவர்களிடம் சோதித்தபோது, பழக்கமில்லாத உச்சரிப்பைப் பிடிக்க ஆங்கிலத் துணையெழுத்து உதவியது. தாய்மொழித் துணையெழுத்து இடைஞ்சலாகவே இருந்தது.