கமகுரா கடற்கரையில் சாப்பாட்டுப் பையைத் திறக்காதீர்கள்

போன வாரமும் ஒரு குழந்தையின் விரலுக்குக் கட்டுப் போட வேண்டியதாயிற்று. ஜப்பானில், கமகுராவின் யுயிகஹாமா கடற்கரை மணலில் உட்கார்ந்து ஓனிகிரி சோற்றுருண்டையைக் கடித்துக்கொண்டிருந்தாள். பின்னாலிருந்து பருந்து வந்தது, உருண்டையோடு போய்விட்டது, நகம் பட்ட இடத்தில் ரத்தம். குழுவைக் கூட்டிவந்த நான் ரயிலிலேயே எச்சரித்திருந்தேன். கேட்டுக்கொண்டு தலையாட்டியவர்கள்தான் எல்லோரும்.

டோக்கியோவிலிருந்து யோகோசுகா லைன் ரயிலில் சுமார் ஒரு மணி நேரம், அப்புறம் கமகுராவில் எனோடென் குட்டி ரயில். ஹாசேயில் இறங்கிப் பெரிய புத்தரைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கடலுக்கு நடக்கலாம். அவசரமில்லாமல் சுற்ற அருமையான வழி. கடலை எட்டும்போது சரியாக எல்லோருக்கும் பசிக்கும். பைகள் அங்கேதான் திறக்கப்படுகின்றன.

"நாம் சீண்டாவிட்டால் அது எதற்கு வரப்போகிறது?" இந்த ஒரு பேச்சுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. அதற்கு உங்கள் மேல் கோபம் இல்லை, உங்கள் கையில் இருப்பதுதான் வேண்டும். சென்னையில் மீன் கழிவுக்கு வட்டமிடும் அதே கரும்பருந்து இனம்தான் இதுவும். ஜப்பானில் டோம்பி என்பார்கள். ஆனால் மனிதர் கையில் சாப்பாடு இருக்கும் என்பதை இங்குள்ளவை நன்றாகக் கற்றுவைத்திருக்கின்றன. காகிதப் பையைப் பிரிப்பதைக்கூட மேலிருந்து கவனிக்கும்.

அடுத்து, "வந்தால் பார்த்து விரட்டலாம்" என்பார்கள். முடியாது. அது முன்னால் வராது, கத்திக்கொண்டும் வராது. முதுகுப் பக்கமாகச் சத்தமில்லாமல் இறங்கும். சிறகை விரித்தால் சுமார் 1.5 மீட்டர் அகலம். அந்தச் சிறகு காதோரம் உரசும்போதுதான் உங்களுக்குத் தெரியும், அதற்குள் உணவு போயிருக்கும். கூட்டமாக இருந்தாலும் வரும், பெரியவர்களிடமும் வரும்.

அதனால் மணலில் சாப்பிடவே வேண்டாம். கூரைக்கு அடியில், கடைக்குள், இல்லாவிட்டால் முதுகைச் சுவரோடு ஒட்டி உட்கார்ந்து சாப்பிடுங்கள். நான் குழுவைக் கூட்டிவரும்போது மதியச் சாப்பாட்டைக் கடலுக்கு முன்பே முடித்துவிடுவேன். கடற்கரையில் தண்ணீர் பாட்டில் மட்டும்தான். திறந்த வெளியில் பையைப் பிரிக்கும் முன் வானத்தையும் மின்கம்பங்களின் உச்சியையும் ஒருமுறை பாருங்கள். பிள்ளைகள் ஐஸ்கிரீம் கோனைத் தூக்கிப் பிடித்து ஓட விடாதீர்கள். கமகுரா நிலையத்தருகே கோமாச்சி கடைத்தெருவில் வாங்கிய கொரோக்கேயை (எண்ணெயில் பொரித்த உருளைக்கிழங்கு கட்லெட்) கடித்தபடி நடப்பதும் வேண்டாம்: நெரிசலில் நடந்துகொண்டே சாப்பிடுவதைத் தவிர்க்கச் சொல்லி நகராட்சி 2019-இல் விதி கொண்டுவந்திருக்கிறது. அபராதம் இல்லை, ஆனாலும் ஊர்க்காரர்கள் கேட்டுக்கொள்வதை மதிப்போம்.

பருந்து உணவைப் பிடித்துவிட்டால் நீங்கள் விட்டுவிடுங்கள். இழுத்தால் நகம் ஆழமாக இறங்கும். கீறலைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் நன்றாகக் கழுவுங்கள், ஆழமாக இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். கல்லெடுத்து அடிக்காதீர்கள், காட்டுப் பறவைகளுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு.

இன்னொன்றை மன்றாடிக் கேட்கிறேன். பறந்து வந்து கவ்வுவதைப் படம் பிடிப்பதற்காக ரொட்டித் துண்டை வீசாதீர்கள். நீங்கள் மாலை ரயிலில் டோக்கியோ திரும்பிவிடுவீர்கள். அந்தப் பருந்து மறுநாள் அடுத்த பிள்ளையின் கையைத் தேடி வரும்.